பழுதுபார்த்தல் என்னும் அறிவு: பழைய விளையாட்டுக் கருவியொன்றை முன்வைத்து ஒரு விவாதம்

1

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க மலரொன்றிலே விளையாட்டுக் கருவியொன்றைப் பற்றிக் கட்டுரை வரைவதா எனப் புருவம் நெரிப்போர் இருக்கக்கூடும். இலக்கியமும் வரலாறும் மெய்யியலும் ஆராயப்படும் பக்கங்களிலே பிளாஸ்ரிக் ஓட்டுக்கும் திருகாணிக்கும் என்ன வேலை என்பது அவர்தம் வினாவாகும். வினா நியாயமானது போலத் தோன்றும். ஆயின் அதன் அடியிலே மறைந்து கிடக்கும் மனோபாவமே இக்கட்டுரையின் கண்டனத்துக்குரியது. எழுதுகோல் பிடித்த கை உயர்ந்தது, திருப்புளி பிடித்த கை தாழ்ந்தது என்னும் அந்த மனோபாவம் எமது சமூகத்தில் நேற்று முளைத்ததன்று. இன்று அது பட்டதாரி அங்கியை அணிந்துகொண்டு எம்மிடையே உலவுகின்றது என்பதே வேறுபாடு.

விடயத்துக்கு வருவோம். 1989ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி யப்பானிய நிறுவனமாகிய நின்ரெண்டோ, 'கேம் போய்' என்னும் கைக்கடக்கமான விளையாட்டுக் கருவியை விற்பனைக்கு விட்டது. அதன் உற்பத்தி நின்று இரு தசாப்தங்களுக்கு மேலாகின்றது. எனினும் உலகின் பல நாடுகளிலும் இளைஞர் பலர் இன்று அக்கருவியின் பழுதடைந்த பிரதிகளைத் தேடிப்பெற்று, வீட்டு மேசைமீது வைத்துப் பிரித்து, துப்புரவாக்கி, மீண்டும் இயங்கச் செய்கின்றனர். சிலர் அதனுடன் நின்றுவிடாது புதிய திரையும் புதிய பற்றரியும் பொருத்தி அதனை மேம்படுத்துகின்றனர். கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை முதலாய அயலூர்களிலும் இவ்வேலை முற்றாக அறியப்படாததன்று. வெளிநாடு சென்ற மாமனோ சித்தியோ கொண்டுவந்து கொடுத்து, பின்னர் அலுமாரியின் அடித்தட்டிலே மறக்கப்பட்ட இத்தகைய கருவிகள் எத்தனையோ வீடுகளில் உறங்கிக் கிடக்கின்றன.

இம்முயற்சி குறித்து மூவகைக் கருத்துகள் நிலவுகின்றன. இது வேலையற்றோர் செய்யும் வீண்வேலை என்பது முதலாவது. பழைய பொருளின் தூய்மையைக் காத்தல் வேண்டும், அதில் புதிய உறுப்பெதனையும் சேர்த்தலாகாது என்பது இரண்டாவது. பழையவற்றை எல்லாம் பிடுங்கி எறிந்து, புதியவற்றைப் பொருத்தி, பெயரை மாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றும் தவறானவை என நிறுவுவதே எமது நோக்கமாகும். வீட்டு மேசையிலே நிகழும் பழுதுபார்த்தல் ஓர் அறிவுநெறி. அவ்வறிவை மதியாத பல்கலைக்கழகம் தன் கடமையிற் பாதியைக் கைவிட்ட பல்கலைக்கழகமாகும்.

2

முதலில் அக்கருவியின் இயல்பை நோக்குதல் தகும். அதன் திரையிலே கிடையாக 160 புள்ளிகளும் நிலைக்குத்தாக 144 புள்ளிகளுமே உள்ளன. வண்ணங்கள் இல்லை, பச்சை கலந்த நான்கு சாயல்கள் மாத்திரமே. திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. மாலை மங்கியதும் விளையாட்டும் மங்கிவிடும். செயல்முறை நினைவகம் 8 கிலோபைற்று அளவினதே. அதே 1989இல் அற்றாரி நிறுவனம் வண்ணத்திரை கொண்ட 'லிங்ஸ்' என்னும் கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் பின்விளக்கும் வண்ணமும் கொண்ட 'கேம் கியர்' கருவியை வெளியிட்டது. காகிதத்தில் ஒப்பிட்டு நோக்கின் கேம் போய் தோற்றிருத்தல் வேண்டும். நடந்ததோ மறுதலை. கேம் போயும் அதன் வண்ணத்திரை வாரிசும் சேர்ந்து 11 கோடி 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. ஏனைய இரண்டும் அதன் அருகே வரவில்லை.

இதன் காரணம் எமக்குப் படிப்பினை தரவல்லது. சேகாவின் கருவி ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கித் தீர்த்தது. கேம் போய் நான்கு சிறு பற்றரிகளில் பதினைந்து மணித்தியாலத்துக்குக் குறையாது இயங்கியது. விலை குறைவு, கீழே விழுந்தாலும் உடையாத உறுதி. இவை தற்செயலாக வாய்த்தவையல்ல. இக்கருவியை ஆக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யொக்கோய் என்பவர் (1941-1997) ஒரு கோட்பாட்டைத் தம் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார். அதனை 'வாடிய தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் சிந்தித்தல்' எனத் தமிழிற் கூறலாம். புத்தம்புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாது, நன்கு பழகிய, மலிந்துபோன, குறைநிறைகள் யாவும் தெரிந்த தொழில்நுட்பத்தை எடுத்து அதற்குப் புதியதொரு பயனைக் கண்டுபிடித்தலே அக்கோட்பாட்டின் சாரமாகும்.

யொக்கோய் 1965இல் நின்ரெண்டோவிற் சேர்ந்தபோது அந்நிறுவனம் சீட்டுக்கட்டுத் தயாரித்து வந்தது. அங்கு அவருக்குக் கிடைத்த பணி தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்கும் பணியேயாகும். ஓய்வு வேளையில் அவர் தம் விருப்பத்துக்குச் செய்த நீளும் கையொன்றை நிறுவனத் தலைவர் கண்ணுற்றார். அது 1966இல் விளையாட்டுப் பொருளாக விற்பனைக்கு வந்தது. இலத்திரனியல் விளையாட்டுத் துறையின் முதன்மையான ஆக்குநர் ஒருவர் பழுதுபார்ப்போராகவே தம் வாழ்வைத் தொடங்கினார் என்பதை 'வீண்வேலை' எனச் சொல்வோர் மனங்கொளல் வேண்டும். இயந்திரத்தின் உள்ளுறுப்புகளோடு உறவாடியவனுக்கே எது அவசியம், எது ஆடம்பரம் என்பது விளங்கும்.

தமிழுலகிலும் இவ்வுண்மைக்குச் சான்றுண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு (1893-1974) முறையான பொறியியற் கல்வி எதனையும் பெற்றவரல்லர். இளமையில் ஒரு மோட்டார்ச் சைக்கிளை விலைகொடுத்து வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டிப் பொறியியலைக் கற்றார் என்பது அவர் வரலாற்றிலே தவறாது சொல்லப்படும் செய்தி. பின்னாளில் அவர் பெயர் இந்திய மின்மோட்டார் உற்பத்தியின் தொடக்க வரலாற்றோடு இணைந்தது. பிரித்துப் பார்த்தல் அழித்தலன்று. அது வாசித்தலின் ஒருவகை.

3

பழுதுபார்த்தல் அறிவுநெறி என்றோம். அது வெற்றுப் புகழ்ச்சியன்று என்பதை மேசையருகே சென்று நோக்குவோம்.

பழைய கேம் போயின் திரையிலே சில நிலைக்குத்துக் கோடுகள் மறைந்து போதல் மிகப் பொதுவான குறைபாடு. அறியாதவர் திரை இறந்துவிட்டது எனக் கருதி எறிந்துவிடுவர். உண்மையில் திரைக்கண்ணாடி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். திரையையும் மின்சுற்றுப் பலகையையும் இணைக்கும் மெல்லிய நாடா, ஆண்டுகள் செல்லச்செல்ல ஒட்டுத் தளர்ந்து தொடுகையை இழந்திருக்கும். சோல்டரிங் அயன் எனப்படும் பற்றாசுக் கோலின் இளஞ்சூட்டை அந்நாடாவின் விளிம்பிலே பொறுமையோடு நகர்த்தினால் மறைந்த கோடுகள் ஒவ்வொன்றாய்த் திரும்பும். சூடு கூடினால் நாடா கருகும், குறைந்தால் பயனில்லை. இவ்வளவும் தெரிந்தவனுக்கு 'ஒட்டு', 'வெப்பம்', 'கடத்தல்' என்பன பரீட்சைத்தாளிற் கிடக்கும் சொற்களல்ல.

இரண்டாவது குறைபாடு பற்றரிக் கசிவு. கருவிக்குள்ளே மறந்துவிடப்பட்ட காரப் பற்றரிகள் பொட்டாசியம் ஐதரொட்சைட்டைக் கக்குகின்றன. உலோகத் தொடுகைகளில் வெண்மையும் பசுமையுமாகப் படை படிகின்றது. கண்டியின் ஈரக்காற்று அரிப்பை ஊக்குவிக்கும். இதற்கு மருந்து எமது குசினியிலேயே உண்டு: சிறிதளவு வினாகிரி அல்லது தேசிக்காய்ச் சாறு. அமிலம் காரத்தை நடுநிலையாக்கும் என்று பாடசாலையிலே படித்த ஒருவரி இங்கே கண்முன் நுரைத்துக் காட்டுகின்றது. பின்னர் மதுசாரம் கொண்டு துடைத்து உலர்த்தல் வேண்டும்; அன்றேல் மருந்தே நோயாகிவிடும்.

மூன்றாவது, விளையாட்டுத் தகட்டுப் பெட்டிகள் பலவற்றினுள்ளே நாணய வடிவான சிறு லித்தியம் மின்கலம் ஒன்று பற்றாசு வைக்கப்பட்டுள்ளது. விளையாடுவோன் எவ்விடத்தில் நிறுத்தினான் என்ற நினைவை அது காத்துவருகின்றது. அது தீர்ந்தால் நினைவும் தீரும். மின்கலத்தை மாற்றலாம்; இழந்த நினைவை மீட்டல் இயலாது. எண்முறைச் சேமிப்பு நிலையானது என்னும் மூடநம்பிக்கையை உடைத்தற்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை.

சேகாவின் கேம் கியரோ வேறுவகை நோயாளி. அதன் பலகையிலே அமைந்த சிறு மின்பகு கொள்ளளவிகள் காலஞ்செல்லக் கசிந்து, ஒலியை முதலிலும் ஒளியைப் பின்னரும் விழுங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாய் அகற்றி, கசிந்த திரவத்தைக் கழுவி, அதே கொள்ளளவு கொண்ட புதியவற்றை முனைமாறாது பொருத்துதல் வேண்டும்.

இவ்வேலைகளிலே பொதுவாக அமைந்திருப்பது யாது? நோக்கல், கருதுகோள் கொள்ளல், ஒன்றை மாற்றி ஏனையவற்றை மாற்றாது சோதித்தல், தவறாயின் கருதுகோளைக் கைவிடல். இவற்றை விஞ்ஞான முறை என நாம் விரிவுரை மண்டபங்களில் அழைக்கின்றோம். தமிழ்மொழி இதனை ஏலவே அறிந்து வைத்துள்ளது: பழுது 'பார்த்தல்' என்கின்றோம். திருத்துமுன் பார்த்தல் வேண்டும். நோயை நாடாது மருந்து கொடுப்பவன் வைத்தியனல்லன்.

4

இத்துணைத் தெளிவான ஓர் அறிவு ஏன் மதிப்பிழந்து கிடக்கின்றது? இங்கேதான் எமது சமூகத்தைக் குறித்துக் கசப்பான சில உண்மைகளைப் பேச வேண்டியுள்ளது.

கண்டி, கைவினையின் நகரம். கலாநிதி ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல் கண்டி இராச்சியத்துக் கைவினைஞரின் தொழிலையும் வாழ்வையும் பதிவுசெய்தது. தமிழ்த் தந்தைக்குப் பிறந்து, கனிப்பொருள் ஆய்வாளராக இந்நாட்டிற் பணியாற்றிய அவர், அழிந்துகொண்டிருந்த அக்கைத்திறன்களை வெறும் அழகுப் பொருளாக நோக்கவில்லை. அவற்றுள் பொதிந்திருந்த அறிவை நோக்கினார். இன்றும் குண்டசாலையை அடுத்த நத்தரம்பொத்தையில் உலோக வேலைக் கைவினைஞர் வாழ்கின்றனர். ஆயின் குமாரசுவாமியைப் போற்றுவோர் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அக்கைவினை சாதியமைப்போடு பிணைந்திருந்தது. கலை போற்றப்பட்டது, கலைஞன் தன் பிறப்புக்குரிய படியிலேயே நிறுத்தப்பட்டான்.

தமிழரிடையேயும் நிலைமை இதுவேயாகும். கம்மாலையில் இரும்படித்தவனும் தச்சுப்பட்டறையில் இழைப்புளி தள்ளியவனும் இல்லாது எமது கோயிலும் இல்லை, வீடும் இல்லை, தேரும் இல்லை. எனினும் கணக்கெழுதுவோனுக்குத் திண்ணையும் கருவி செய்வோனுக்கு முற்றமும் என வகுத்து வைத்தோம். அந்த வகுப்பே ஆங்கிலேயர் ஆட்சியிலே உத்தியோக மோகமாக உருமாறிற்று. இன்று 'வெள்ளைக் கழுத்துப்பட்டி' மோகமாக நிலைபெற்றுள்ளது. பிள்ளை பொறியியற் பீடத்துக்குத் தெரிவானால் ஊரே கொண்டாடும். அதே பிள்ளை நகரத் தெருவிலே கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடையொன்றை நடத்தினால் கலியாணப் பேச்சிலே அவன் தொழிலைத் தாழ்ந்த குரலிற் சொல்வர். இருவரும் தொடுவது ஒரே மின்னோட்டத்தைத்தான் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

கைத்திறனைப் போற்றுதல் என்ற பெயரில் வறுமையைப் போற்றுகின்றீர் என்று சிலர் எம்மை மறுக்கலாம். இம்மறுப்பு சிந்தனைக்குரியது. 1990களிலே யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்தபோது மின்சாரம் இல்லை. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் எழுந்த மின்னோட்டத்திலே வானொலி கேட்டனர். பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். அவ்வாற்றலைக் கண்டு வியத்தல் எளிது. ஆயின் அது தெரிந்தெடுத்த வாழ்வன்று, திணிக்கப்பட்ட துன்பம். அத்துன்பத்தைக் காவியமாக்குதல் எமது நோக்கமன்று. நாம் கேட்பது வேறொன்று: அன்று நெருக்கடியிலே பிறந்த அவ்வறிவு எங்கே எழுதப்பட்டது? எந்தப் பல்கலைக்கழகம் அதனைச் சேகரித்துப் பாடமாக்கிற்று? வறுமை நீங்க வேண்டும். வறுமையின் நடுவே மனிதர் கண்டறிந்த அறிவு நீங்கலாகாது. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோரே அறிவையும் வறுமையோடு சேர்த்துக் குப்பையிற் கொட்டுகின்றனர்.

5

இனி மேம்படுத்தல் குறித்த பூசலுக்கு வருவோம்.

தூய்மைவாதிகள் கூறுவதிலே ஓருண்மை உண்டு. பழைய பொருள் ஒரு வரலாற்று ஆவணம். அதன் மங்கிய பச்சைத் திரையும் தன் காலத்தின் சாட்சியே. ஓலைச்சுவடியின் ஏடுகளைத் தம் விருப்பத்துக்கு நறுக்கும் பதிப்பாசிரியரை நாம் மன்னிப்பதில்லையன்றோ? ஆயின் தூய்மைவாதம் தன் எல்லையைத் தாண்டும்போது பொருளைப் பிணமாக்கிக் கண்ணாடிப் பேழையிலே கிடத்துகின்றது. முத்திரை உடையாத பெட்டியோடு ஏலத்தில் விலைபோகும் கருவி விளையாட்டுக் கருவியுமன்று, ஆவணமுமன்று. அது பங்குச்சந்தைப் பத்திரம். கோடிக்கணக்கிலே வார்க்கப்பட்ட பொருளை ஒற்றைச் சுவடிபோலப் பாவித்தல் வரலாற்றுணர்வன்று, வணிகவுணர்வேயாகும்.

மறுபுறத்தார் செய்வதோ இதனினும் நகைப்புக்குரியது. இன்று சந்தையிலே பின்விளக்குக் கொண்ட புதிய வண்ணத்திரை, மீள்மின்னேற்றும் லித்தியம் பற்றரி, புதிய ஒலிபெருக்கி, கண்ணாடி போன்ற புதிய ஓடு என யாவும் பொதி பொதியாகக் கிடைக்கின்றன. பழைய கருவியின் ஓட்டைக் கழற்றி எறிந்து, திரையைக் கழற்றி எறிந்து, பொத்தான்களைக் கழற்றி எறிந்து, இறுதியில் ஒரு சிறு பலகையை மாத்திரம் மிச்சம் வைத்துக்கொண்டு 'புதுப்பித்தேன்' என்கின்றனர். புதுப்பித்தல் அன்று அது. தவணை முறையிலே செய்த கொள்வனவு. கடையில் ஒரேயடியாக வாங்கினால் நுகர்வு, துண்டு துண்டாக வாங்கினால் கைவினை என்பது எவ்வகைத் தருக்கம்? ஒளிமிக்க புதிய திரை பற்றரியை முன்னையிலும் விரைவாக உறிஞ்சுகின்றது. அதனால் புதிய பற்றரி தேவைப்படுகின்றது. அதனால் மின்னேற்றும் பலகை தேவைப்படுகின்றது. யொக்கோய் தவிர்த்த அதே ஆடம்பரச் சங்கிலியை அவர் ஆக்கிய கருவிக்குள்ளேயே கொண்டுவந்து பூட்டுகின்றனர்.

எனில் மேம்படுத்தலே ஆகாதா? அவ்வாறும் கூறோம். மூன்று விதிகளை முன்மொழிகின்றோம். முதலாவது: திருத்தக்கூடியதை மாற்றாதே. நாடாவைச் சூடாக்கினால் மீளும் திரையைப் பிடுங்குதல் சோம்பலேயன்றி மேம்பாடன்று. இரண்டாவது: செய்த மாற்றத்தை மீளப்பெறக் கூடியதாகச் செய். ஓட்டை அறுத்து, பிளாஸ்ரிக்கைச் சீவி, பின்வருவோன் பழைய நிலைக்குக் கொணர முடியாவண்ணம் செய்தல் அவனுக்கிழைக்கும் அநீதியாகும். கழற்றிய மூல உறுப்பை எறியாது பொதிந்து வை. மூன்றாவது: மாற்றம் ஒரு மெய்யான தேவைக்கு விடையாக அமைதல் வேண்டும். பார்வை மங்கியவர் விளக்கற்ற திரையைப் பார்க்க இயலாதெனின் புதிய திரை நியாயமானதே. பற்றரி வாங்கி எறிந்து கொண்டிருப்பதிலும் மீள்மின்னேற்றும் சாதாரண பற்றரிகளை இடுதல் நன்றே. அதற்குக் கருவியை வெட்டவேண்டிய தேவையில்லை. லித்தியம் மின்கலமெனின் அதன் ஆபத்தும் அறியப்பட வேண்டும்: துளைபட்டாலோ தவறாக மின்னேற்றப்பட்டாலோ தீப்பற்றும் இயல்பினது அது. காப்புச் சுற்று இல்லாத மலிவுப் பொதியைப் பிள்ளையின் கையிலே கொடுத்தல் குற்றமாகும்.

இவ்விதிகள் விளையாட்டுக் கருவிக்கு மாத்திரம் உரியனவல்ல. பழைய கட்டடத்தைப் புதுப்பிப்போருக்கும், பழைய பாடநூலைத் திருத்துவோருக்கும், பழைய சமூக வழக்கைச் சீர்திருத்துவோருக்கும் இவை பொருந்தும். எது பழுது, எது பழைமை எனப் பிரித்தறியாதவனிடம் திருப்புளியும் கொடுத்தலாகாது, சட்டமியற்றும் அதிகாரமும் கொடுத்தலாகாது.

6

இதுவரை தனிமனிதரைப் பேசினோம். இனி அவரைக் கட்டிப்போட்டுள்ள அமைப்பைப் பேசல் வேண்டும்.

கேம் போயின் பின்னோட்டை மூடிநிற்பவை மூவிதழ் வடிவத் திருகாணிகள். விளையாட்டுத் தகட்டுப் பெட்டியை மூடிநிற்பது வேறொரு தனிவகைத் திருகாணி. சாதாரண திருப்புளி இவற்றிலே செல்லாது. விலைகொடுத்து வாங்கிய பொருளைத் திறக்கும் உரிமை வாங்கியவனுக்கில்லை என்பதை அத்திருகாணிகள் சொற்களின்றி அறிவிக்கின்றன. இன்றைய கருவிகளோ திருகாணியும் இன்றிப் பசையால் ஒட்டப்பட்டுள்ளன. மாற்றிய உறுப்பை மென்பொருளே இனங்கண்டு மறுக்கின்றது. இது புதிய தந்திரமன்று. 1924இல் உலகின் பெரும் மின்குமிழ் நிறுவனங்கள் கூடி 'பீபஸ்' என்னும் கூட்டிணைவை அமைத்து, மின்குமிழின் ஆயுளை ஏறத்தாழ 1000 மணித்தியாலத்துக்குள் அடக்கின. அதற்குமேல் எரியும் குமிழைச் செய்த உறுப்பு நிறுவனத்துக்குத் தண்டமும் விதித்தன. நீண்டகாலம் உழைக்கும் பொருள் முதலாளிக்கு நட்டமென்பதை அன்றே அவர்கள் கணக்கிட்டுவிட்டனர்.

பழுதுபார்க்கும் உரிமைக்கான குரல் மேலைநாடுகளில் அண்மைக் காலத்தே வலுத்துள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கெனப் பணிப்புரைச் சட்டமொன்றை நிறைவேற்றியது. இந்தியா 2022 டிசெம்பரில் இதற்கென அரச இணையவாயில் ஒன்றைத் தொடக்கியது. அமெரிக்காவில் கலிபோர்ணியா, மினசோட்டா ஆகிய மாநிலங்கள் 2023இல் சட்டமியற்றின. ஆயின் அவ்விரு மாநிலச் சட்டங்களும் வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்கு விதிவிலக்களித்துள்ளன. குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க உரிமை உண்டு. விளையாட்டுப் பெட்டியைத் திறப்பதற்கு உதவ உற்பத்தியாளனுக்குக் கடப்பாடு இல்லை. 'வெறும் விளையாட்டுத்தானே' என எமது அறிஞர் ஒதுக்கும் ஒன்றைப் பூட்டி வைத்தற்கு நிறுவனங்கள் இத்துணை பாடுபடுவது ஏன் என்று சிந்தித்தல் வேண்டும்.

எமது நாட்டுக்கு இது சட்டப் பிரச்சினை மாத்திரமன்று, உயிர்ப் பிரச்சினை. 2022 ஏப்பிரலிலே இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் அந்நியச் செலாவணி இல்லாதொழிந்தது. இறக்குமதிப் பொருள்கள் பல அவ்வாண்டு தடைசெய்யப்பட்டன. அந்நாளில் ஒரு கைத்தொலைபேசியையோ மடிக்கணனியையோ மீண்டும் இயங்கச்செய்த திருத்துநர் ஒவ்வொருவரும் நாட்டின் திறைசேரிக்கு உதவியவராவர். பல்கலைக்கழகக் கல்வியே இணையவழி நடந்த பெருந்தொற்றுக் காலத்தை நினைவுகூர்வோமாக. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ உள்ள தோட்டக் குடும்பமொன்றில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே தொலைபேசி. அதன் திரை உடைந்தால் மூவரின் கல்வியும் நின்றது. அங்கே பழுதுபார்த்தல் பொழுதுபோக்கா? கல்வியுரிமையின் ஓர் அங்கமன்றோ?

எறிந்த பொருள் எங்கே செல்கின்றது என்பதையும் கேட்போம். 2022இல் உலகம் முழுவதும் 6 கோடி 20 இலட்சம் தொன் இலத்திரனியற் கழிவு உண்டானதாகவும் அதில் 22.3 வீதமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐக்கிய நாடுகள் சார்ந்த அறிக்கை கூறுகின்றது. கண்டி மாநகரத்தின் குப்பை நெடுங்காலமாகக் கோஹாகொடையில், மகாவலி கங்கையின் அருகே திறந்தவெளியிற் குவிக்கப்பட்டு வந்துள்ளது. அங்கிருந்து வடியும் நச்சுநீர் கங்கையைச் சேர்வதை ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். அவ்விடத்திலிருந்து கீழே செல்லும் நீர்தான் பொல்கொல்லையில் 1976 முதல் திசைதிருப்பப்பட்டு உலர்வலயத்து வயல்களுக்கும் செல்கின்றது. வீட்டுக் குப்பையோடு குப்பையாக எறியப்படும் பழைய சுற்றுப்பலகையின் பற்றாசிலே ஈயம் உண்டு. மலைநாட்டிலே நாம் எறியும் பெட்டியின் நஞ்சு எங்கோ ஓர் உழவனின் நீரிலே கரைகின்றது என்பதை மறத்தலாகாது.

7

இறுதியாக, எமது பல்கலைக்கழகங்களை நோக்கிச் சில கோரிக்கைகள்.

எமது மாணவர் பலர் உயர்தரம்வரை தமிழிலேயே விஞ்ஞானம் பயின்று வருகின்றனர். 'கொள்ளளவி', 'தடையி', 'பற்றாசு' என்னும் சொற்கள் அவர்க்குப் பழக்கமானவை. ஆயின் கொள்ளளவியின் வரைவிலக்கணத்தை எழுதி முழுப்புள்ளி பெற்ற மாணவன், பலகையொன்றில் எது கொள்ளளவி எனக் காட்டச் சொன்னால் திகைக்கின்றான். நகரத்திலே திருத்தகம் நடத்துபவரோ கண்ட மாத்திரத்தில் 'கப்பாசிற்றர் போய்விட்டது' என்கின்றார். அவருக்குப் பொருள் தெரியும், எம் சொல் தெரியாது. சொல் தெரிந்தவனிடம் பொருளில்லை. பொருள் தெரிந்தவனிடம் சொல்லில்லை. இவ்விருவரும் ஒரே மேசையில் அமராதவரை தமிழிலே விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது எனப் பெருமை பேசுதல் வீண்.

ஆகவே வளாகத்திலே எல்லாப் பீட மாணவருக்கும் பொதுவான பழுதுபார்க்கும் மேசையொன்று வாரந்தோறும் திறக்கப்படல் வேண்டும். கலைப்பீட மாணவனுக்கும் அங்கே இடமிருத்தல் வேண்டும். சங்க இலக்கியம் கற்றவன் சோல்டரிங் அயனைத் தொட்டால் தீட்டுப்படாது. நகரத்துத் திருத்துநர்கள் அம்மேசைக்கு விருந்தினராயன்றி, ஊதியம் பெறும் ஆசிரியராகவே அழைக்கப்படல் வேண்டும். பல்கலைக்கழகம் கழித்துவிடும் கணனிகளும் கருவிகளும் ஏலத்துக்குச் செல்லுமுன் மாணவர் கையிலே பிரிந்து கிடத்தல் வேண்டும். அங்கு கற்றவை தமிழிலும் சிங்களத்திலும் படங்களோடு கைந்நூல்களாக எழுதப்படல் வேண்டும். அக்கைந்நூல்களைத் திருத்தியமைத்தல் தமிழ்ச் சங்கத்தின் பணியாகட்டும். ஆண்டுதோறும் பட்டிமன்றம் நடத்தும் ஆற்றல் உள்ளவர்க்கு இது இயலாததன்று. உற்பத்தியாளர் உதிரிப்பாகங்களையும் சுற்றுப்படங்களையும் நியாய விலையில் வழங்கவேண்டும் என்னும் சட்டத்தை நாட்டிலே கோருவதும் இம்மேசையிலிருந்தே தொடங்கல் வேண்டும்.

இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு மேசை, நல்ல வெளிச்சம், பற்றாசுப் புகையை வெளியேற்ற ஒரு யன்னல், சில திருப்புளிகள், பன்மானி ஒன்று போதும். முதற் பாடத்துக்கு அலுமாரியின் அடித்தட்டிலே உறங்கும் விளையாட்டுக் கருவியே சாலும். கெட்டாலும் பெருநட்டமில்லை, திருந்தினால் பெருமகிழ்ச்சியுண்டு. விளையாட்டுக் கருவியில் தொடங்கியவன் நாளை வைத்தியசாலையின் இயந்திரத்தையும் தோட்டத்துப் பாடசாலையின் கணனியையும் நோக்கிக் கை நீட்டுவான். திறக்கத் தெரியாத பொருளுக்கு நாம் உரிமையாளரல்லர், வாடகைக்காரரே. ஒரு சமூகம் முழுவதும் வாடகைக்காரராய் வாழ்தல் தகுமா என்பதே கேள்வி. தகாது என்போர் இவ்வாண்டே மேசையைத் திறக்கட்டும்.